கையில் காசும் இல்லை, நேரமும் இல்லை: செட்டிநாட்டு வீட்டில் பூனை வளர்க்க ஒரு வழிகாட்டி

பூனை தானாகவே பிழைத்துக்கொள்ளும், எலி பிடித்துத் தின்னும், ராத்திரி கொஞ்சம் பால்சோறு வைத்தால் போதும் என்பது நம் பக்கத்துப் பழைய கணக்கு. அந்தக் கணக்கில் வளர்ந்த பூனைகள் மூன்று நான்கு வருஷத்தில் செத்துப்போயின. யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். வீட்டோடு பார்த்துக்கொள்ளும் பூனை பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். அதற்கு லட்ச ரூபாய் வேண்டியதில்லை. ஆனால் எந்த இடத்தில் காசைக் கெட்டியாகப் பிடிக்கலாம், எந்த இடத்தில் பிடிக்கவே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விடியுமுன் பலகார அடுப்பு மூட்டப் போகிறவர், ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவர், காரைக்குடி ஜவுளிக்கடையில் இரவு வரை நிற்கிறவர், முதலாளி வெளியூரில் இருக்கப் பெரிய வீட்டைக் காவல் பார்க்கிறவர் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்கிறோம்.

எந்தப் பூனையை எடுப்பது

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பரணிலும் விறகு அறையிலும் குட்டிகள் கத்துவது நம் ஊர்களில் சாதாரணம். சத்தம் கேட்டதும் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். திரும்பி வரச் சில மணி நேரம் ஆகலாம். தள்ளி நின்று பாருங்கள். நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ராப்பகலாக இரண்டு மூன்று மணிக்கொரு தரம் குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துப் புகட்ட வேண்டும், உடம்புச் சூடு குறையாமல் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வேலைக்குப் போகிறவரால் அது நடக்காது. பசும்பாலைக் கொடுத்தால் வயிற்றால் போய் இரண்டு நாளில் துவண்டுவிடும்.

குட்டிதான் வேண்டும் என்றால் எட்டு வாரம் முடிந்ததாக எடுங்கள். அப்போது முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும், தானே தின்னும். ஆனாலும் நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை தீனி வேண்டும். மதியம் வீட்டில் ஆள் இல்லாதவருக்கு ஆறு மாதம் தாண்டிய பூனையே தோது. வளர்ந்த பூனை பத்து மணி நேரம் தனியே இருக்கும். அதில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும்.

ஒன்றோடு நிறுத்துங்கள். 'அதுக்கும் ஒரு துணை' என்று இரண்டாவதைக் கொண்டுவருகிறவர் தீனி, ஊசி, ஆபரேஷன் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். தெருப்பூனைக்குச் சோறு வைப்பதும் அப்படித்தான். கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் வைத்தால் அடுத்த வருஷம் வாசலில் ஒன்பது நிற்கும்.

உண்டியல்

பூனை வீட்டுக்கு வரும் நாளன்றே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ மூடியுள்ள டப்பாவோ எடுத்து வையுங்கள். தினம் பத்து ரூபாய். மாதம் 300, வருஷம் 3,650. இது தீனிக்கு இல்லை, மருத்துவத்துக்கு மட்டும். வட்டிக்கணக்கில் பேர்போன ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் பூனைக்கு உடம்பு முடியாத ராத்திரியில்தான் பாதிப் பேர் கைமாற்றுக்கு அலைகிறார்கள்.

வாங்கவே வேண்டாதவை: பூனைப் படுக்கை, ஷாம்பு, கழுத்து மணி, பொம்மை, விற்பனைப் பால், கலர் கலராகத் தின்பண்டம். பழைய சேலையை நாலாக மடித்து அட்டைப் பெட்டிக்குள் போட்டால் அதுதான் படுக்கை. பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், குளிப்பாட்டத் தேவையில்லை.

தீனி: அதிகம் தப்பு நடக்கும் இடம்

பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பால் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு கண்பார்வை போகும், இதயம் பலவீனப்படும். தயிர்சாதத்தில் வளரும் பூனை 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லப்படுவது இந்த இடைவெளியில்தான். நாய்த்தீனியைப் போட்டாலும் இதே கதை. அதில் டாரின் பூனைக்குப் போதுமான அளவில் இருக்காது.

சைவ வீடாக இருந்து அடுப்பில் கறி ஏற்ற முடியாது என்றால் பூனைகளுக்கான பாக்கெட் தீனியை மட்டுமே கொடுங்கள். மூன்றரைக் கிலோப் பூனைக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். அது முழுமையான உணவு என்று போட்டிருக்க வேண்டும், புரதம் வளர்ந்த பூனைக்கு 26 சதவீதத்துக்கும் குட்டிக்கு 30 சதவீதத்துக்கும் குறையக் கூடாது, டாரின் பெயர் இருக்க வேண்டும். சில்லறையாக அளந்து கட்டித் தருவது மலிவாகத் தெரியும். ஆனால் மூட்டை எப்போது பிரித்தது என்று தெரியாது. கொழுப்புச் சிக்கு வாடை அடித்தால் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். வாங்கியதை இறுக மூடும் எவர்சில்வர் தூக்கில் கொட்டி வையுங்கள்.

கறி சமைக்கும் வீட்டில் பாதிக்குப் பாதி முறைதான் மலிவும் பத்திரமும்: காலையில் 25 கிராம் பாக்கெட் தீனி, இரவில் 60 முதல் 70 கிராம் வீட்டுச் சமையல். வைட்டமின் கணக்கைப் பாக்கெட் பார்த்துக்கொள்ளும், தண்ணீரும் புரதமும் கறியில் வரும். வீட்டுக் கறியை மட்டுமே வருஷக்கணக்கில் கொடுப்பதை நாங்கள் சொல்லமாட்டோம். ஏதாவது ஒன்று விடுபட்டுவிடும்.

இரண்டு வாரத்துக்கான சமையல் இது. பிராய்லர் கோழி எலும்பில்லாமல், கொஞ்சம் தோலோடு 800 கிராம். கோழி இதயம் 150 கிராம். டாரின் அதில் அதிகம், கடையில் விலையோ குறைவு. ஈரல் 50 கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஈரலில் உள்ள வைட்டமின் ஏ சேர்ந்துகொண்டே போனால் பூனையின் எலும்பு மூட்டுகள் இறுகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் கிடையாது. குக்கரில் மூன்று விசில். ஆறியதும் பொடியாக நறுக்கி, வெந்த தண்ணீரையும் அதிலேயே சேருங்கள். டாரின் தண்ணீரில் கரையும், கீழே கொட்டினால் சத்தும் போயிற்று. கடைசியாக முட்டை ஓட்டுப் பொடி ஒரு தேக்கரண்டி, தலைதட்டி. ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, வாணலியில் லேசாக வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் அதுதான் கால்சியம். எலும்பில்லாத கறியில் கால்சியம் கிடையாது, அதனால் இதை விடக் கூடாது. எலும்பையே போட்டால் என்ன என்று கேட்பார்கள். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

வந்ததைப் பதினான்கு பங்காக்கிச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கட்டுங்கள். இரண்டு நாளுக்கானது குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மற்றவை ஃப்ரீசரில். தினம் ராத்திரி அடுத்த நாளுக்கான பையைக் கீழே மாற்றிவிட்டால் போதும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இந்த முறை வேண்டாம். அன்றன்றைக்குக் கறிக்கடையில் பத்திருபது ரூபாய்க்கு இதயமும் துண்டுக்கறியும் வாங்கி வேகவைத்துக் கொடுங்கள், மற்றபடி பாக்கெட்.

மீன் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தொண்டி, மீமிசல் பக்கமிருந்து வரும் காரல், சூடை, சாளை போன்ற பொடிமீன்கள் சந்தை கலையும் நேரத்தில் மலிவாகக் கிடைக்கும். குடலை எடுத்துவிட்டுக் குக்கரில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் வேகவிட்டால் முள்ளும் மசிந்துவிடும். நடுமுள்ளை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக வந்தால் அப்படியே கொடுக்கலாம், முட்டை ஓடு தேவையில்லை. பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு, வெந்தால்தான் அது போகும். எண்ணெய் மீனையே தினம் போட்டால் வேறு கோளாறு வரும். கருவாடு உப்பு, பூனை எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அந்த 61 நாளும் கோழியோடு இருங்கள். புரட்டாசியில் கோழி விலை இறங்கும். ஃப்ரீசரில் இடமிருந்தால் அப்போது இரண்டு தடவைக்கு வேண்டியதைச் சேர்த்துச் சமைத்துவிடலாம்.

வீட்டுக் குழம்பில் கிடக்கும் கறித்துண்டைக் கழுவிப் போடுவது பலரும் செய்வது. நம் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத கறி ஏது? இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. மசாலாவில் ஊறிய துண்டைக் கழுவுவதால் பயனில்லை. மசாலா போடுமுன்பே பூனைக்கான துண்டை எடுத்துத் தனியே வேகவைத்துவிடுங்கள்.

வெந்த தீனியை நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பகலுக்குப் பாக்கெட் என்று சொன்னது அதனால்தான். எறும்புக்கு ஒரு வழி: அகலத் தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் தீனிக் கிண்ணத்தை வையுங்கள்.

தண்ணீர்

பூனைக்குத் தாக உணர்வு குறைவு. உலர்ந்த தீனி மட்டும் தின்று தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டிவிடும். ஆண் பூனைக்கு அது சிறுநீர்க்குழாய் அடைப்பில் கொண்டுபோய் விடலாம். வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள், தீனிக் கிண்ணத்தை ஒட்டி அல்லாமல் தள்ளி. அகலவாய் மண்சட்டி நல்லது. மானாமதுரைச் சட்டியாக இருந்தால் சித்திரை, வைகாசியிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். காலையில் பழையதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிது மாற்றுங்கள். பாக்கெட் தீனியோடு சம அளவு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து கொடுத்தாலும் நல்லதுதான். தின்றது போக மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

மண் பேசின்

பூனை மலமும் சிறுநீரும் கழிக்க லிட்டர் பாக்ஸ் என்று கடையில் விற்பதற்குப் பதிலாகப் பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்று போதும். நீளம் பதினாறு அங்குலம், அகலம் பன்னிரண்டு, உயரம் ஆறு; குட்டியாக இருந்தால் ஒரு பக்க விளிம்பை மூன்று அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு பேசின் இருப்பது நல்லது. இடமில்லாவிட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வேளையும் அள்ள வேண்டும். இரண்டாங்கட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். அடுப்படிக்கும் சாமி அறைக்கும் பக்கத்தில் வேண்டாம். தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பூனையே ஒத்துக்கொள்ளாது.

உள்ளே எதைப் போடுவது? மூன்று வழி இருக்கிறது. சலித்த மணல்: கட்டியாகும், அள்ள எளிது, ஆனால் கனம், வாடையை அடக்காது. மர அறுவை மில்லில் கிடைக்கும் மரத்தூள்: ஈரத்தை உறிஞ்சும், சாக்குக் கணக்கில் சும்மாகூடக் கொடுப்பார்கள். ஆனால் மாவு மாதிரி நைசாக இருந்தால் பூனை தும்மும், சலித்துக் கரடுமுரடானதை மட்டும் எடுங்கள். பாலிஷ் அடித்த மரம், பிளைவுட் அறுத்த தூள் ஆகாது. அதில் பசையும் ரசாயனமும் இருக்கும். மூன்றாவது தென்னை நார்க்கழிவு. சிங்கம்புணரிப் பக்கம் கயிறு திரிக்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். நன்றாக வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தினால் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் பரிந்துரை பாதி மணல், பாதி மரத்தூள், இரண்டு அங்குல உயரத்துக்கு. வாரம் ஒருமுறை முழுவதையும் கொட்டிவிட்டு, பேசினைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அள்ளியதைக் கிணற்றடியிலும் கீரைப் பாத்தியிலும் புதைக்காதீர்கள்.

தினமும் அள்ளச் சொல்வதற்கு வாடை மட்டும் காரணமில்லை. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, வெளியே வந்து ஒரு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள்தான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குமுன் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம், வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

இன்னொரு காரணம் அதைவிடப் பெரிது. காசில்லாத வீட்டில் தினசரி மருத்துவப் பரிசோதனை என்பது இந்தப் பேசின்தான். அள்ளும்போது எண்ணுங்கள். நாளைக்கு இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டி (சிறுநீர் ஈரத்தில் கட்டியான மண்), ஒருமுறை மலம் என்பது வழக்கமான அளவு. கட்டி ஒன்றுகூட இல்லையா? இன்றே மருத்துவர். புளியங்கொட்டை அளவுக் கட்டிகள் ஏழெட்டா? எரிச்சல் இருக்கிறது. திடீரென்று பெரிய பெரிய கட்டிகளா? வயதான பூனைக்குச் சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்க வேண்டும். மலத்திலோ வாலடியிலோ அரிசிமணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. கூழாகப் போனால் நேற்று என்ன தின்றது என்று யோசியுங்கள், பெரும்பாலும் பால்தான்.

பேசினை விட்டுத் தரையில் போனால் அடிக்காதீர்கள். அடித்தால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றே: உங்களுக்குத் தெரியாத இடத்தில் போவது. பேசின் அழுக்கா, மண்ணை மாற்றினீர்களா, சிறுநீர் போகும்போது வலிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் ஓர் எச்சரிக்கை. அது சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துச் செய்த கல். ஈரத்தை உறிஞ்சும், புளிப்பு பட்டால் மேல்பூச்சு அரித்துப்போகும். சிறுநீர் வாடைக்கு வினிகரோ எலுமிச்சையோ ஆசிட்டோ ஊற்றினால் வாடை போகலாம், கல்லின் பளபளப்பும் அதோடு போகும். உடனே துணியால் ஒற்றி எடுத்து, சலவைத்தூள் கரைத்த தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். வாடை மிஞ்சினால் சமையல் சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பெருக்குங்கள். பினாயில் வேண்டாம்; தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்கும், அது அதற்கு நஞ்சு. பிளீச்சிங் கரைசலைச் சிறுநீர் மேல் நேரடியாக ஊற்றினால் கிளம்பும் வாயு உங்கள் நெஞ்சையும் எரிக்கும்.

ஊசி, மருந்து, ஆபரேஷன்: எது முதலில்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாதபோது வரிசை இது. முதலில் குடல்புழு மருந்து. எடை பார்த்துத்தான் அளவு, கால்நடை மருத்துவர் சொல்லுவார். குட்டிக்கு ஆறு மாதம் வரை மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடுத்து, பன்னிரண்டு வார வயதில் வெறிநோய்த் தடுப்பூசி. அரசு கால்நடை மருத்துவமனைகளில் ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் நாளையும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளையும் ஒட்டி இலவசமாகப் போடுவது வழக்கம். அந்தத் தேதிகளுக்கு முந்தைய வாரமே விசாரித்து வையுங்கள்.

பிறகு பூனைகளுக்கான மூன்று நோய்த் தடுப்பூசி. எட்டு வாரத்தில் ஒன்று, பன்னிரண்டு வாரத்தில் ஒன்று, முடிந்தால் பதினாறிலும். இது காசு கொடுத்துப் போடுவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இதில் அடங்கிய பான்லுகோபீனியா நோய் குட்டிகளை வாந்தி, பேதியோடு ஓரிரு நாளில் கொண்டுபோகும். கிருமி வீட்டுக்குள் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அந்த நோயில் ஒரு குட்டி செத்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

கருத்தடையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. பெண் பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே ஆண் பூனையைத் தேடிக் கத்த ஆரம்பித்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்றுகூட ஆகும். ஓர் ஈற்றில் நான்கு குட்டி என்றால் உங்கள் வரவு செலவு அங்கேயே உடைந்தது. ஐந்தாவது மாதமே நாள் குறியுங்கள். எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் பூனைக்கு அறுவை செய்யமாட்டார்கள். முதலில் போய்க் கேளுங்கள், மயக்க மருந்தும் தையல் நூலும் வெளியே வாங்கித் தர வேண்டுமா என்பதையும் சேர்த்து. ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய அறுவை என்றால் அங்கு போவதை யோசிக்கலாம். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் பூனை தையலை நக்காமல் பார்க்க வேண்டும். பழைய காலுறையின் முனையை வெட்டிக் கால் நுழைய நான்கு ஓட்டை போட்டால் சட்டை ஆயிற்று.

பஸ்ஸில் கொண்டுபோகப் பழக்கூடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து நான்கு பக்கமும் கயிற்றால் கட்டுங்கள். அடியில் துண்டு, மேலே மெல்லிய துணி. கட்டைப்பையில் அமுக்கிக் கொண்டுபோகிற பூனை பையைக் கிழித்துக்கொண்டு ஓடும், காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் அதை யார் தேடுவது?

தெள்ளுப்பூச்சிக்குப் பேன்சீப்பு போதும். தினம் இரண்டு நிமிஷம் கழுத்திலிருந்து வால்வரை வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். படுக்கைச் சேலையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள். ஆடுமாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையோ நாய்க்கான சொட்டுமருந்தையோ பூனை மேல் தடவிவிடாதீர்கள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று 'மெத்ரின்' என முடிகிற மருந்துகளைப் பூனையின் ஈரல் சிதைக்க முடியாது; வலிப்பு வந்து சாகும்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

காய்ச்சல் மாத்திரை என்று நாம் போடும் பாராசிட்டமால் ஒன்றே ஒன்று பூனையைக் கொல்லப் போதும். 'கால் மாத்திரைதானே' என்பதும் ஆகாது. பீரோவில் போடும் பாச்சை உருண்டை, சூடம் இரண்டையும் எட்டாமல் வையுங்கள். வேலியில் படரும் செங்காந்தள் நஞ்சு. பூட்டிய வீடுகளில் எலிமருந்து வைத்திருப்பார்கள். அதைத் தின்ற எலியைப் பூனை பிடித்தால் பூனைக்கும் கேடு. பக்கத்து வீட்டுக் காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, மருந்துக்குப் பதில் எலிப்பொறி வைக்கச் சொல்லுங்கள்.

தைக்கிற வீட்டிலும் தறி இருக்கிற வீட்டிலும் நூலை மூடி வையுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுக்கும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள். பலகாரப் பொட்டல ரப்பர் பேண்டும் இதே ரகம். பலகாரம் சுடும் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும் நேரமெல்லாம் பூனை வேறு அறையில், கதவு தாழிட்டு. தூக்கக் கலக்கத்தோடு எண்ணெய்ச் சட்டியைத் தூக்குகிறவர் காலில் பூனை இடறினால் இருவருக்கும் கேடு. வளவு முற்றத்தில் மழைநீர் பிடிக்கும் அண்டாவுக்கு மூடி போடுங்கள். குட்டி உள்ளே விழுந்தால் வழவழப்பான விளிம்பில் ஏறி வர முடியாது.

ஒரு நாளின் நேரம்

காலையில் எட்டு நிமிஷம்: பேசின் அள்ளல், தண்ணீர் மாற்றல், பாக்கெட் தீனி. இதில் உங்கள் காப்பி கொதிக்கும் நேரமும் அடங்கும். இரவு வந்ததும் தீனி வைத்துவிடாதீர்கள். முதலில் குளித்துச் சாப்பிடுங்கள். பிறகு தென்னங்குச்சி நுனியில் துணி முடிந்து பத்து நிமிஷம் ஆட்டுங்கள். பூனை பாயட்டும், ஓடட்டும். அதன்பின் கறித்தீனி, பேசின், கதவடைப்பு. ஓடி, தின்று, நக்கி, தூங்குவதுதான் பூனையின் இயல்பான வரிசை. இந்த வரிசையில் போனால் விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் முகத்தைப் பிறாண்டாது. நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

உடம்பு முடியாத நாளில் விளையாட்டையும் சீப்பையும் விட்டுவிடலாம். தீனி, தண்ணீர், பேசின் மூன்றையும் விட முடியாது.

சம்பள நாள் வரை காத்திருக்க முடியாதவை

ஆண் பூனை பேசினில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, கத்துகிறது, அடியை நக்கிக்கொண்டே இருக்கிறது, சொட்டுக்கூட வரவில்லை. பார்க்கிறவர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார். அது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வாய் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருப்பது, வலிப்பு, பின்னங்கால் திடீரென்று இழுத்துப்போவது, குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வருவது எல்லாம் இந்த ரகம். ஒரு நாள் முழுக்கத் தீனியைத் தொடாத பூனையை மறுநாள் காட்டுங்கள். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிப் பழுதாகும். 1962 என்ற எண் கால்நடை மருத்துவ ஊர்திக்கு. பெரும்பாலும் ஆடுமாட்டுக்குத்தான் வரும் என்றாலும், கிட்டத்தில் எந்த மருத்துவர் இருக்கிறார் என்று கேட்கவாவது உதவும்.

பூனை கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் ஊசி அங்கே இலவசம். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள்.

மருத்துவரிடம் காசு நிலைமையை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். 'என்னால இவ்வளவுதான் முடியும் சார், இதுல எது ரொம்ப அவசியம்?' என்று கேட்டால் பரிசோதனையைக் குறைத்து மருந்தை முன்னால் வைப்பார்கள்.

ஊருக்குப் போகும்போது

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம், குலதெய்வத்துக்குப் படைப்பு, வெளியூர்க் கல்யாணச் சமையல் என்று நாலைந்து நாள் வீடு பூட்டும் ஊர் இது. ஓர் இரவு வரை தண்ணீரும் பாக்கெட் தீனியும் இரட்டிப்பாக வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் தினம் ஒருமுறை ஆள் வந்தாக வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொன்னால் வருவார்கள், ஆனால் பாசத்தில் பால் ஊற்றிவிடுவார்கள். அதனால் தீனியை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தூணில் ஒட்டுங்கள்: எத்தனை மணிக்கு எந்தப் பொட்டலம், பால் கூடாது, பேசினில் சிறுநீர்க் கட்டி இல்லாவிட்டால் உடனே போன், மருத்துவர் எண், உண்டியல் எந்த அலமாரியில் இருக்கிறது.